பழைய எலெக்ட்ரிக் கித்தாரும் அதன் பிக்கப்பும் யார் செய்தவை? திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் பழைய எலெக்ட்ரிக் கித்தார் இன்னும் கிடைக்கிறது. லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு (புதுக் குடியிருப்புக்கு) குடிபோகும்போது அலமாரிக்கு மேலிருந்து இறங்கும். கோயில் திருவிழாவிலும் கல்யாண மேடையிலும் வாசித்த மாமா ஒருவர், "நீயே வெச்சுக்கோப்பா" என்று கொடுத்துவிடுவார். இது எங்கே செய்தது என்று கேட்டால் தலைப்பகுதியில் இருக்கும் பெயரைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அது விற்றவரின் பெயர். மரத்தை அறுத்து ஒட்டியவர் வேறொருவர். பிக்கப்பை, அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் கம்பிச் சுருளை, சுற்றியவர் மூன்றாவது ஆள். இந்த மூவரையும் தனித்தனியாகத் தேடினால்தான் விடை கிடைக்கும்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, இந்தப் பக்கம் கித்தார் குழுக்கள் பெருகின. ஷேடோஸ் வைத்திருந்த அமெரிக்க ஃபெண்டர் கித்தார் எல்லாருக்கும் கட்டுப்படியாகிற விலையில் இல்லை, ஜப்பான் கித்தார் கட்டுப்படியானது. டெய்ஸ்கோ, குயாடோன், கவாய், மாட்சுமோகு, ஃபுஜிஜென் போன்ற தொழிற்சாலைகள் இறக்குமதி செய்பவர் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி அனுப்பின. டெய்ஸ்கோவை 1967ல் கவாய் வாங்கிக்கொண்டது. ஐபனீஸ் என்ற பெயர் நகோயாவின் ஹோஷினோ கக்கிக்குச் சொந்தம். ஆனால் 1970களின் ஐபனீஸ் கித்தார்களில் பெரும்பகுதியைச் செய்தது, மாட்சுமோட்டோ ஊரில் 1960ல் தொடங்கிய ஃபுஜிஜென். அவற்றில் பல பிக்கப்புகளைச் சுற்றிக் கொடுத்தது நிஷின் ஓன்பா, அதன் சொந்தப் பெயர் மேக்ஸான். ஒரே கித்தாரில் மூன்று கம்பெனி. இன்றைய ஸ்குவையரும் அப்படித்தான்: பெயர் ஃபெண்டருடையது, வேலை இந்தோனேசியாவிலோ சீனாவிலோ நடக்கிறது.

திறப்பதற்கு முன்

எடுத்துவைக்க வேண்டியவை: பூ வடிவத் திருப்புளி (பிலிப்ஸ்) இரண்டு அளவு (1, 2), 20 கிலோ ஓம், 2 மெகா ஓம் அளவுகள் உள்ள மல்டிமீட்டர், மில்லிமீட்டர் அளவுகோல் அல்லது காலிப்பர், டார்ச் லைட், ஸ்க்ரூ போட்டு வைக்க நாலைந்து சின்னக் கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்திலும் எந்த இடத்து ஸ்க்ரூ என்று எழுதி ஒட்டுங்கள். பழைய ஜப்பான் கித்தாரில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். நீளமானதை உயரம் குறைந்த இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும்.

சால்டரிங் அயர்னை எடுக்கவே வேண்டாம். பழைய ஈயப் பற்றுதான் முதல் சாட்சி. தொழிற்சாலையில் வைத்த ஈயம் காலப்போக்கில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும், எல்லாப் பற்றும் ஒரே கை வைத்தது போல இருக்கும். ஒன்று மட்டும் பளபளவென்று, சுற்றிலும் தேன் நிறப் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த பிக்கப்போ பாட்டோ (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை) பிறவியிலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மூடியைக் கழற்றியதும், எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

எண்ணும் கழுத்தும்

வரிசை எண் எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதே பாதி விடை. அமெரிக்காவின் கிப்சனில் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம், தலைப்பகுதியின் பின்புறம் மரத்தில் அழுத்தியிருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருடம். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று அன்றைய வரிசை. 82011512 என்று இருந்தால் 1981ன் 201வது நாள், அதாவது ஜூலை 20. கிப்சனின் கலமசூ தொழிற்சாலை 1984ல் மூடப்படும் வரை, கடைசி மூன்று இலக்கம் 500க்குக் கீழே என்றால் கலமசூ, 500 முதல் மேலே என்றால் நேஷ்வில்.

1970களின் நடுப்பகுதியிலிருந்து 1986 வரையிலான ஜப்பான் ஐபனீஸ் இதைவிட எளிது. முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஏ என்றால் ஜனவரி, ஜி என்றால் ஜூலை, எல் என்றால் டிசம்பர். ஜி78 என்று தொடங்கினால் 1978 ஜூலை. ஸ்குவையரில் ஜேவி என்று தொடங்கினால் 1982 முதல் 1984க்குள் ஜப்பானில் செய்தது. இவற்றுக்கு இன்று நல்ல மதிப்பு உண்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். ஐசிஎஸ்10 என்று தொடங்கினால் இந்தோனேசியா, கார்ட் தொழிற்சாலை, ஸ்குவையர், 2010.

1960களின் ஜப்பான் கித்தாரில் எண்ணே இல்லாமல் இருக்கலாம். கழுத்துக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்' என்று மட்டும் இருக்கும். அந்தத் தகடு நாட்டைச் சொல்லும், தொழிற்சாலையைச் சொல்லாது. அதற்குக் கழுத்தைக் கழற்ற வேண்டும். ஸ்ட்ரிங்கை முழுதாகத் தளர்த்தி எடுத்துவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கழுத்தின் அடிக்கட்டையில் பென்சில் எழுத்தோ ரப்பர் முத்திரையோ இருக்கும். ஃபெண்டர் 1950களில் பென்சிலால் தேதி எழுதியது, 1962 முதல் முத்திரை குத்தியது. ஜப்பானிலும் பலர் இந்த இடத்தில்தான் குறித்தார்கள். துடைக்காதீர்கள், ஈரத்துணி பட்டால் முத்திரை மை கலைந்துவிடும்.

கழுத்து உட்காரும் குழியையும் பாருங்கள். மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஜப்பான்காரர்கள் லவான் என்று சொல்லி உடலுக்குப் போட்டது நம்மூர் மெராந்தியின் குடும்பம்தான். இந்தக் காட்டு மரம் வடக்கே போய்க் கித்தாராகத் திரும்பி வந்திருக்கலாம்.

பாட் முதுகில் இருக்கும் எண்

வால்யூம், டோன் பாட்களின் முதுகிலோ பக்கவாட்டிலோ குத்தியிருக்கும் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. அமெரிக்கப் பாட்டில் முதல் மூன்று இலக்கம் செய்தவரைச் சொல்லும்: 137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல், 134 சென்ட்ராலேப். மீதி நான்கு இலக்கம் வருடமும் வாரமும். 1376847 என்றால் சிடிஎஸ், 1968ன் 47வது வாரம். இது பாட் பிறந்த நாள். கித்தார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க முடியும், எவ்வளவு பிறகு என்பதை எண் சொல்லாது. ஃபெண்டர் 1966ல் பாட்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டதால், 1969 கித்தாரிலும் 66 எண் இருக்கிறது.

ஆசியப் பாட்டை அளவிலேயே பிடிக்கலாம். சிடிஎஸ் பாட்டின் தண்டு 6.35 மில்லிமீட்டர், ஆசியப் பாட்டுக்கு 6. பல் வெட்டிய தண்டு என்றால் அமெரிக்காவில் 24 பல், ஆசியாவில் 18. அமெரிக்கக் குமிழை ஆசியத் தண்டில் போட்டால் தொளதொளவென்று ஆடும். ஆசியக் குமிழை அமெரிக்கத் தண்டில் அடித்து இறக்கினால் குமிழ் பிளந்துவிடும். துளையையும் அளந்து பாருங்கள். சிடிஎஸ் உட்கார 9.5 மில்லிமீட்டர் வேண்டும். சிறிய துளையை ரம்பமோ ட்ரில்லோ வைத்துப் பெரிதாக்கிய பூச்சில்லாத மரம் தெரிந்தால், பாட் மாற்றப்பட்டது. ஆல்ப்ஸ், நோபிள் என்றால் ஜப்பான், ஆல்ஃபா என்றால் தைவான். ஆசியப் பாட்டில் எண்ணுக்கு முன்னால் ஏ இருந்தால் லாக் (மின்தடை மடக்கை முறையில் ஏறுவது), பி இருந்தால் லீனியர் (சீராக ஏறுவது). 25 கிலோ ஓம் பாட்டும் 9 வோல்ட் பேட்டரி கிளிப்பும் சேர்ந்து இருந்தால், அங்கே இஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. இஎம்ஜி 1976ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி.

பிக்கப்பைத் திருப்பிப் பார்ப்பது

எல்லா பிக்கப்புக்கும் மூதாதை லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தது. ஜார்ஜ் பூஷாம்ப் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்' கித்தாரில், ஸ்ட்ரிங்குகளைச் சுற்றி வளைத்த இரண்டு குதிரைலாடக் காந்தம் இருந்தது. காப்புரிமை கிடைத்தது 1937 ஆகஸ்டில். கம்பிச் சுருள், காந்தம், அதிரும் இரும்பு ஸ்ட்ரிங் என்ற அந்தத் தத்துவம் இன்றும் மாறவில்லை. மாறியது காந்தத்தின் இடமும் சுருளின் எண்ணிக்கையும்தான். யார் சுற்றியது என்பதும் அந்த இரண்டில்தான் தெரியும்.

சிங்கிள் காயிலை, அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பைத் திருப்புங்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட் வகை என்றால், கறுப்பு அல்லது சாம்பல் நிற ஃபைபர் அட்டை இரண்டுக்கு நடுவே ஆறு அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) உருளைகள் நிற்கும். அந்த உருளைகளே காந்தம். அவற்றைச் சுற்றி 42 கேஜ் செப்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. அடியில் வேறு காந்தம் ஒட்டியிருக்காது. 1960களின் நடுவில் கறுப்பு அட்டை போய்ச் சாம்பல் நிற அட்டை வந்தது, கம்பிப் பூச்சும் மாறியது: பழைய ஃபார்ம்வார் பொன்நிறமாகவும், பின்னால் வந்த எனாமல் கத்திரிப்பூ கலந்த பழுப்பாகவும் தெரியும்.

விலை குறைந்த ஆசிய வகை இப்படி இருக்காது. பிளாஸ்டிக் கூடு, வெறும் இரும்பு உருளைகள், அடியில் ஒட்டிய கறுப்பு ஃபெரைட் காந்தக் கட்டை. கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, காந்தத்தின் மேல் இரண்டு முனையையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அழுத்துங்கள். அல்நிகோ உலோகம், மின்சாரம் பாயும், மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். ஃபெரைட் மட்பாண்டம் போன்றது, பாயாது. பசையோ மெழுகோ மூடியிருந்தால் ஊசியால் லேசாகக் கீறிவிட்டுப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதிப் பொய்யை உடைத்துவிடும். அல்நிகோவுக்கு வழி திறந்தது 1931ல் ஜப்பானின் தோக்குஷிச்சி மிஷிமா கண்டுபிடித்த கலவை என்பதால், அல்நிகோ என்றாலே அமெரிக்கா என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல ஜப்பான் பிக்கப்பிலும் அது உண்டு.

பொன்நிறத் தகடு மின்னும் தட்டையான பிக்கப் இருந்தால் இரண்டு வழி. ஒன்று டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பான் வேலை. மற்றொன்று ஒஹையோ மாநில டொலீடோவில் ரோ இண்டஸ்ட்ரீஸ் செய்த டிஆர்மண்ட். ரோ இண்டஸ்ட்ரீஸ் தனியாகக் கித்தார் விற்றுப் பேர் வாங்கவில்லை, ஹார்மனி போன்ற மற்றவர்களின் கித்தாருக்கு பிக்கப் சுற்றிக் கொடுத்தது. உதட்டுச்சாயக் குழாய் போன்ற உருண்டை உறையில் இருந்தால், நேதன் டேனியலின் டானெலெக்ட்ரோ வழி.

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் அடித்தகட்டைப் படியுங்கள். கிப்சனின் சேத் லவர் 1955 ஜூனில் விண்ணப்பித்த காப்புரிமை 1959 ஜூலையில்தான் கிடைத்தது, எண் 2,896,491. இடையில் ஒட்டிய 'பேட்டண்ட் அப்ளைடு ஃபார்' என்ற கறுப்புச் சீட்டால் அந்த பிக்கப்புக்குப் பிஏஎஃப் என்று பெயர் வந்தது. 1962 வாக்கில் சீட்டு மாறி 2,737,842 என்ற எண் வந்தது. அது ஹம்பக்கருடைய எண்ணே இல்லை, கித்தார் கலைஞர் லெஸ் பாலின் ஸ்ட்ரிங் தாங்கிக்குக் கிடைத்த காப்புரிமை. தவறான எண் இருக்கிறதே, போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அசலில்தான் அந்த எண் இருக்கும். ஆனால் சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சீட்டு மட்டும் புதிதாகவும் அடித்தகடும் ஈயமும் வேறு வயதாகவும் இருந்தால் நம்பக் கூடாது.

1970களில் புதிதாக ஒரு தொழில் பிறந்தது: கித்தார் செய்யாமல் மாற்று பிக்கப் மட்டும் விற்பது. லாரி டிமார்சியோ 1972ல் சூப்பர் டிஸ்டார்ஷனைக் கொண்டுவந்தார், சீமோர் டங்கன் 1976ல் சாண்டா பார்பராவில் தொடங்கினார். ஆகவே கித்தாருக்கும் பிக்கப்புக்கும் வயது வேறுபடுவது குற்றமல்ல, யாரோ ஆசையாக மாற்றியிருக்கிறார்கள். இரண்டு சுருளின் கூடும் கிரீம் நிறத்தில் உள்ள ஹம்பக்கரை அமெரிக்காவில் விற்கும் உரிமையை டிமார்சியோ வணிகக் குறியாகவே பதிவு செய்துவைத்திருக்கிறது. 'டங்கன் டிசைன்டு' என்று எழுதியிருந்தால் வடிவம் டங்கனுடையது, சுற்றியது கொரியாவில். சாண்டா பார்பரா விலை கொடுக்க வேண்டாம்.

நாலு நிற ஒயர் இருந்தால் நிறமே அடையாளம். டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், பச்சையும் வெற்றும் எர்த், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒருவருடைய படத்தைப் பார்த்து மற்றவருடையதை இணைத்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும், அல்லது சத்தம் மெலிந்து மூக்கால் பாடும். 'இந்த பிக்கப் செத்துப்போச்சு' என்று கழற்றி வீசப்பட்டவற்றில் பல இந்தக் குழப்பத்தால் கெட்டவை.

நம்மூர் வெயிலில் மீட்டர்

ஈயத்தைத் தொடாமலே அளக்கலாம். கித்தார் கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். ஸ்விட்சை ஒவ்வொரு பிக்கப்பாக மாற்றுங்கள். இதில் இரண்டு திருத்தம் செய்ய வேண்டும். முதலாவது, பிக்கப்போடு வால்யூம் பாட்டும் பக்க இணைப்பில் நிற்பதால் மீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டாவது, செம்பின் மின்தடை வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.39 சதவீதம் ஏறும். நூல்களில் போட்டிருக்கும் அளவு 20 டிகிரி வாக்கில் எடுத்தது, இங்கே மத்தியானம் அறையிலேயே 32.

மீட்டர் 7.60 கிலோ ஓம் காட்டுகிறது, பாட் 250 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். 7.60ஐ 250ஆல் பெருக்கி, 250லிருந்து 7.60 கழித்த 242.4ஆல் வகுத்தால் 7.84. 12 டிகிரி கூடுதலுக்கு 4.7 சதவீதம் என்பதால், அதை 1.047ஆல் வகுத்தால் சுமார் 7.5 கிலோ ஓம். 20 டிகிரியில் அந்தச் சுருளின் உண்மை அளவு இதுதான். ஸ்ட்ராட் சுருள் பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை, பிஏஎஃப் வகை 7 முதல் 9 வரை, சூப்பர் டிஸ்டார்ஷன் 13க்கு மேல். அளவு சரியாக வந்ததாலேயே அசல் ஆகிவிடாது. கம்பி மெலிந்தாலும் ஓம் ஏறும், சுற்று கூடினாலும் ஏறும்.

மீட்டர் 230, 250, 480 என்று பாட்டின் அளவையே காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. 42 கேஜ் கம்பி 0.063 மில்லிமீட்டர்தான். இந்த ஈரக்காற்றில், வியர்வை உப்பு இறங்கிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்துத் தின்றுவிடும். அறுகிற இடம் பெரும்பாலும் சுருளுக்குள் இல்லை, கம்பி வெளியே வந்து கண்ணியில் ஈயத்தோடு சேரும் முனையில். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முனை ஒரு சென்டிமீட்டராவது மிச்சமிருந்தால் காப்பாற்றலாம். ஃபார்ம்வார் பூச்சு சூட்டுக்கு விடாது, மெல்லிய உப்புத்தாளால் உரசி எடுத்த பிறகுதான் ஈயம் ஒட்டும். உள்ளே அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும், அதோடு பழைய சுருள் என்ற மதிப்பும் போகும். மீட்டர் காட்டும் எண் நிற்காமல் ஊசலாடினால் பெரும்பாலும் ஜாக் அல்லது ஸ்விட்சில்தான் களிம்பு. காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை அசைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

போலி கிப்சன்

இது ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு. கிப்சனின் தலைப்பகுதியில் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெளிப்புறம் ஆறுமுகமான பித்தளை நட் இருக்க வேண்டும், அளவு 5/16 அங்குலம். ஆலன் சாவி நுழையும் குழி இருந்தால் அது கிப்சன் இல்லை. பிக்கப் உயர ஸ்க்ரூவும் உதவும். அமெரிக்க ஹம்பக்கரில் 3-48 மரை, விட்டம் சுமார் 2.5 மில்லிமீட்டர். மெட்ரிக் 2.5 ஸ்க்ரூ பார்க்க அதே மாதிரி இருக்கும், மரை இடைவெளி மட்டும் வேறு. இரண்டு சுற்றில் இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் பிக்கப்பின் காதில் உள்ள மரை வழித்துப் போய்விடும்.

திரும்பப் பூட்டுவது

கழுத்து ஸ்க்ரூவை நேரே முறுக்காமல், துளையில் வைத்து முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழும், அதன் பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். இல்லாவிட்டால் மரத்தில் புது மரை வெட்டி, கழுத்து ஆடத் தொடங்கும். பிக்கப்பை உள்ளே இறக்கும்போது ஒயர் சுருளோடு உரசாமல் பக்கவாட்டில் வளைத்து விடுங்கள்.

ஸ்ட்ரிங் போடுவதற்கு முன், ஆம்ப்பில் செருகி ஒவ்வொரு பிக்கப்பின் தலையையும் திருப்புளி நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தட் என்ற சத்தம் வர வேண்டும். கித்தாரோடு ஜப்பான் ஆம்ப்பும் வந்திருந்தால், பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் சுவரில் வருவது 230 முதல் 240. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் உள்ளே இருக்கும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும்.